அடியில் யாரும் இல்லையா? - ஸ்கூபா விடுமுறையும் நெய்தலின் உரிப்பொருளும்

1

கோவை அவிநாசி சாலையிலும் ஆர்.எஸ்.புரத்திலும் இருக்கிற பயண ஏற்பாட்டு அலுவலகங்களில் வழவழப்பான தாள் ஒன்று கையில் தருவார்கள். அதை ஒரு இலக்கியப் பிரதியைப்போல எடுத்துவைத்து வாசிக்க வேண்டும் என்பது என் நெடுநாள் எண்ணம். ‘ஆழ்கடல் விடுமுறை’ என்று தலைப்பு இருக்கும். கீழே கட்டம் போட்டிருப்பார்கள். நெடுக்கில் ஊர்கள்: அந்தமான், லட்சத்தீவு, மாலத்தீவு, இலங்கையின் கிழக்குக் கரை. குறுக்கில் தலைப்புகள்: எந்த மாதம் போகலாம், தண்ணீர் எத்தனை மீட்டர் வரைக்கும் தெளிவு, என்ன மீன் தெரியும், நீச்சல் தெரியாதவர் இறங்கலாமா, எத்தனை பகல் எத்தனை இரவு, என்ன செலவு. இவ்வளவுதான். ஒரு குடும்பம் மாலை ஆறு மணிக்கு உட்கார்ந்து, காபி ஆறுவதற்குள் முடிவெடுத்துவிடலாம்.

முடிவெடுக்க உதவும் எந்தக் கட்டமும் எதையோ வெளியே தள்ளித்தான் கட்டமாகிறது. இந்தக் கட்டத்தில் ஆமை இருக்கிறது, திருக்கை இருக்கிறது, பவளம் இருக்கிறது, மூழ்கிப்போன கப்பல்கூட இருக்கிறது. மனிதர் இல்லை. அந்தக் கரையில் யார் இருக்கிறார்கள், எப்படி வந்தார்கள், நாம் வருவதைப் பற்றி அவர்களுக்கு என்ன அபிப்பிராயம் என்று கேட்க ஒரு குறுக்குக் கோடு இழுக்கப்படவில்லை. இது மறதியால் நேர்ந்த விடுபடல் என்று நான் நினைக்கவில்லை. ஆளில்லாத இடம் என்பதுதான் இங்கே விற்கப்படும் பொருள். ஆளைக் காட்டினால் சரக்கு கெட்டுப்போகும்.

ரொலான் பார்த் 1957-ல் வெளியிட்ட ‘மிதாலஜீஸ்’ நூலில் பிரெஞ்சுக்காரர்களின் நீல வழிகாட்டிப் புத்தகத்தைப் பற்றி ஒரு சிறு கட்டுரை உண்டு. ஒரு நாடு எப்படி நினைவுச்சின்னங்களின் பட்டியலாகச் சுருக்கப்படுகிறது, அங்கே வாழும் மக்கள் எப்படி இயற்கைக் காட்சிக்குப் பக்கத்தில் நிற்கும் மாதிரி உருவங்களாக ஆக்கப்படுகிறார்கள் என்பது அவருடைய வாதம். நம் கட்டம் அதையும் தாண்டிவிட்டது. மாதிரி உருவத்துக்குக்கூட இதில் இடமில்லை. தண்ணீருக்கு அடியில் மனிதர் கிடையாது என்பது எவ்வளவு வசதி பாருங்கள்.

2

தமிழ் படித்தவன் கையில் இதை வாசிக்க வேறொரு கருவி இருக்கிறது. திணைக் கோட்பாட்டை ஏதோ பாடத்திட்டத்துப் பழம்பொருள் என்று ஒதுக்குகிற நண்பர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நிலமும் பொழுதும் முதற்பொருள். மீன், புள், மரம், தொழில், அங்கு வாழும் மக்கள் ஆகியவை கருப்பொருள். அந்த நிலத்தில் நிகழும் மன ஒழுக்கம் உரிப்பொருள். நெய்தலுக்கு உரிப்பொருள் இரங்கல்.

இப்போது கட்டத்தை மறுபடி பாருங்கள். எந்த மாதம், எந்தத் தீவு என்பது முதற்பொருள். மீனும் பவளமும் கருப்பொருள். ஆனால் கருப்பொருளிலிருந்து பரதவர் நீக்கப்பட்டிருக்கிறார்கள், தொழில் நீக்கப்பட்டிருக்கிறது. உரிப்பொருளாக இரங்கலின் இடத்தில் களிப்பு வந்து உட்கார்ந்திருக்கிறது. கடலுக்குப் போனவர் திரும்புவாரா என்று கரையில் ஒருத்தி நிற்பதுதான் நெய்தல். காத்திருக்க ஆளில்லாத கரை நெய்தலே அல்ல. நீர் சூழ்ந்த காலி மனை, அவ்வளவுதான்.

சொல்லையும் கவனிக்க வேண்டும். ‘ஸ்கூபா டைவிங்’ என்றே தமிழ்த் தாளிலும் அச்சடிக்கிறார்கள். மூழ்குவதற்குத் தமிழில் சொல் இல்லாமல் இல்லை. முத்துக்குளித்தல், சங்குகுளித்தல் என்பவற்றில் வரும் ‘குளி’ அதுதான். குளிப்பதற்குக் கொங்கில் நாம் ‘தண்ணி வாத்துக்கறது’ என்போம். அந்த வகையில் ‘குளி’ என்ற சொல்லை மூழ்குதலுக்கென்றே ஒதுக்கிவைக்க நம் வட்டாரத்துக்குத்தான் முதல் உரிமை! ஆனால் ‘குளி’ என்று எழுதினால் குளித்தவர்களும் கூடவே வந்துவிடுவார்கள். இடுப்பில் கயிற்றோடு, காலில் கல் கட்டி இறங்கி, ஒரு மூச்சு தாங்கும் மட்டும் அடியில் கிடந்து, சிப்பியோடு மேலே வந்தவர்கள் அவர்கள். கயிற்றை மேலே பிடித்திருப்பவன் மைத்துனனாக இருப்பான், தங்கையைத் தாலியறுக்க விடமாட்டான் என்ற நம்பிக்கையில், என்று மன்னார் வளைகுடாக் கரையில் சொல்வார்கள். மேலே கயிறு பிடிக்க ஒரு உறவு இருந்தால்தான் அடிக்குப் போக முடியும் என்ற அறிவு அந்தச் சொல்லில் இருக்கிறது. ‘டைவிங்’கில் அது இல்லை.

ஜாக்-ஈவ் கூஸ்தோவும் எமில் காக்னானும் 1943-ல் உருவாக்கிய மூச்சுக் கருவி கயிற்றை அறுத்தது. உண்மையிலேயே பெரிய காரியம், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தக் கருவியை உலகத்துக்கு அறிமுகம் செய்த ‘மௌன உலகம்’ என்ற 1956-ஆம் ஆண்டுப் படத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மீன்களைக் கணக்கெடுப்பதற்காகப் பவளத்திட்டில் வெடி வைப்பார்கள். சுறாக்களை அடித்துக் கொல்வார்கள். ‘மௌனம்’ என்று பெயர் வைத்தது யாருடைய குரலை என்ற கேள்வி அன்றைக்கு எழவில்லை. கான் விழாவில் மிக உயரிய பரிசு கிடைத்தது. கூஸ்தோ பிற்காலத்தில் கடல் பாதுகாப்பின் குரலாக மாறினார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். சுற்றுலாத் தாள் அவருடைய பிற்காலக் கவலையை விட்டுவிட்டு முற்காலத் தலைப்பை மட்டும் எடுத்துக்கொண்டது.

3

முதல் ஊர் அந்தமான். கொங்கு நாட்டு நடுத்தர வர்க்கத்தின் முதல் தேர்வும் பெரும்பாலும் இதுதான். கடவுச்சீட்டு வேண்டாம், சென்னையிலிருந்து இரண்டு மணி நேரச் சொச்சம், “அங்க எல்லாருமே தமிழ் பேசுவாங்க” என்ற உத்தரவாதம் வேறு.

ஹேவ்லாக் தீவில் இறங்கி, பன்னிரண்டு மீட்டர் ஆழம் வரை பயிற்சியாளரின் கையைப் பிடித்துக்கொண்டு போய் வருவது தாளில் மூன்றாம் நாள். 1857 கிளர்ச்சியை ஒடுக்கிய பிரிட்டிஷ் தளபதியின் பெயரில் இருந்த இந்தத் தீவுக்கு 2018 டிசம்பரில் ஸ்வராஜ் தீவு என்று பெயர் மாற்றினார்கள். போர்ட் பிளேர் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் ஆயிற்று. சோழரின் கடற்படைத் தளமாக இருந்த மண் என்று அந்த அறிவிப்பில் பெருமை பேசப்பட்டது. ராஜேந்திரன் 1025 வாக்கில் படையெடுத்துக் கொள்ளையிட்டதே ஸ்ரீவிஜயத்தைத்தான். கொள்ளையிட்டவன் பெருமையைச் சொல்லிக் கொள்ளைபோனவன் பெயரைச் சூட்டுகிற கூத்து இது. ஒரு பெயர் மாற்றத்திலும் அந்தமானியர், ஜாரவா, ஓங்கே மொழிகளிலிருந்து ஒரு சொல் எடுக்கப்படவில்லை என்பதைச் சொன்னால் போதும்.

ஹேவ்லாக்கின் ஊர்ப்பெயர்களைப் பாருங்கள்: கோவிந்தநகர், விஜய்நகர், ராதாநகர், கிருஷ்ணநகர். கிழக்கு வங்கத்திலிருந்து வந்த அகதிகளை அரசு குடியேற்றிய ஊர்கள். அங்கே முக்குளிப்பு வழிகாட்டிகளாக இருப்பவர்களில் 1925 வாக்கில் பர்மாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கரென் மக்களின் வழிவந்தவர்கள் உண்டு. இன்னும் தெற்கே, நிக்கோபாரின் கச்சால் தீவில், 1964-ஆம் ஆண்டு சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின்விளைவாக இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட மலையகத் தமிழர்கள் ரப்பர் தோட்டத்தில் குடிவைக்கப்பட்டார்கள். நமக்கு மேலே நீலகிரியில், கோத்தகிரியிலும் கூடலூரிலும் அரசுத் தேயிலைத் தோட்டத்தில் இறக்கிவிடப்பட்டவர்களும் அதே ஒப்பந்தத்தின் மக்கள்தான். 2004 சுனாமி கச்சாலைக் கடுமையாக அடித்தது. “அங்க எல்லாருமே தமிழ் பேசுவாங்க” என்ற விளம்பர வாக்கியத்துக்குள் இவ்வளவு பேர் அகதியாக நிற்கிறார்கள்.

தாளின் நான்காம் நாள் பாராடாங் சுண்ணாம்புக் குகை. அதற்கு அந்தமான் நெடுஞ்சாலையில், ஜாரவா மக்களின் காப்பகத்துக்குள் புகுந்து, காவல் வண்டி முன்னே போக வரிசைகட்டிப் போக வேண்டும். அந்தச் சாலையைக் காப்பகப் பகுதியில் மூடும்படி உச்ச நீதிமன்றம் 2002-ல் சொன்னது. சாலை ஓடிக்கொண்டேயிருந்தது. ஜாரவாப் பெண்களைச் சுற்றுலாப் பயணிகள் முன் ஆடவைக்கும் காணொளி 2012 ஜனவரியில் வெளிவந்து உலகமே காறித் துப்பியது. படம் எடுக்கக் கூடாது, உணவு கொடுக்கக் கூடாது என்று பலகைகள் வந்தன. பலகைகளைத் தாண்டிக் கண்கள் போய்க்கொண்டுதான் இருக்கின்றன. பவளத்தை ‘பார், தொடாதே’ என்று பயிற்சியாளர் சொல்கிறார். ஜாரவாவையும் ‘பார், தொடாதே’ என்கிறது பலகை. இரண்டும் ஒரே இலக்கணம்.

இவர்களுக்கு நேர் எதிரே நிற்கிறது வடக்கு சென்டினல். 1956-ஆம் ஆண்டுப் பழங்குடிப் பாதுகாப்பு ஒழுங்குமுறை இருக்கிறது, கடற்காவல் இருக்கிறது. ஆனால் அந்தத் தீவைக் காப்பாற்றியது அதன் மக்களின் வில்தான். வராதே என்று அவர்கள் சொல்வதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

4

இங்கிருந்துதான் என் அளவுகோல் தொடங்குகிறது. எந்த இடத்தில் அதிகம் மீன் தெரியும் என்று கேட்பதை விட்டுவிட்டு, எந்த இடத்து மக்களால் நம்மை ‘வராதே’ என்று சொல்ல முடியும் என்று கேட்டால் என்ன? மறுக்க முடிகிறவர் ‘வா’ என்றால்தான் அது விருந்தோம்பல். மறுக்க வழியில்லாதவர் சிரிப்பது சிரிப்பல்ல, சம்பளத்துக்கான வேலை.

2024 ஜனவரியில் லட்சத்தீவும் மாலத்தீவும் ஒரே வாரத்தில் நம் வீட்டு வரவேற்பறைக்கு வந்தன. பிரதமர் லட்சத்தீவுக் கடலில் முகமூடி மாட்டி மிதக்கும் படம் வெளியானது. மாலத்தீவின் மூன்று துணை அமைச்சர்கள் இழிவாகப் பேசினார்கள், இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். ஒரு பயண முன்பதிவு நிறுவனம் மாலத்தீவு விமான முன்பதிவையே நிறுத்தியது. ‘மாலத்தீவைப் புறக்கணி, லட்சத்தீவுக்குப் போ’ என்பது தேசபக்தி ஆயிற்று. 2023-ல் சுமார் 2 லட்சத்து 9 ஆயிரம் இந்தியர்கள் மாலத்தீவு போனார்கள். 2024-ல் அது சுமார் 1 லட்சத்து 30 ஆயிரமாகக் குறைந்தது. விடுமுறைத் தேர்வு அரசியல் சார்பற்றது என்று இனி யாரும் சொல்ல வேண்டாம்.

இந்தக் கோபத்தின் உள்ளடக்கம் என்ன? மூன்று அற்பர்களின் பேச்சு மட்டும் அல்ல. இந்திய ராணுவத்தினர் வெளியேற வேண்டும் என்ற கோஷத்தை முன்வைத்து முய்சு 2023-ல் தேர்தலில் வென்றிருந்தார். அதாவது ஒரு சின்னத் தீவுக்கூட்டம் பெரிய நாட்டைப் பார்த்து ‘வேண்டாம்’ என்றது. அந்தக் கோஷத்துக்குள் வெறுப்பும் சந்தர்ப்பவாதமும் உண்டு, அது வேறு விஷயம். ஆனால் நமக்கு உறைத்தது, விடுமுறைக்குப் போகிற இடத்துக்கு இறையாண்மை இருக்கிறது என்ற செய்தி. ராணுவத்தினர் 2024 மே மாதத்துக்குள் வெளியேறினார்கள், அவர்கள் இடத்தில் சிவில் தொழில்நுட்பப் பணியாளர்கள் போனார்கள், அதே ஆண்டு அக்டோபரில் முய்சு தில்லி வந்தார், உறவு சீரடைந்தது. கோபம் ஆறிப்போனது. கேள்வி ஆறவில்லை.

ராஜராஜனின் மெய்க்கீர்த்தி பழந்தீவு பன்னீராயிரத்தைக் கைக்கொண்டதாகச் சொல்வது மாலத்தீவைத்தான் என்பார்கள் வரலாற்றாசிரியர்கள். 1988 நவம்பரில் மாலேயில் ஆட்சிக் கவிழ்ப்புக்குக் கூலிப்படையாகப் போய் இறங்கியது ஈழத் தமிழ் இயக்கமான புளொட். தமிழனும் அந்தத் தீவுக்கு எப்போதும் வெறுங்கையோடு போனவன் அல்ல. இதையும் நாம் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும்.

மாலத்தீவைப் புனிதப்படுத்தவும் வேண்டியதில்லை. 1972-ல் முதல் விடுதி தொடங்கியதிலிருந்து அங்கே கொள்கையே ‘ஒரு தீவுக்கு ஒரு விடுதி’தான். ஆளில்லாத தீவைத் தேர்ந்து சுற்றுலாப் பயணியை அங்கே இறக்கு, குடிமக்கள் வாழும் தீவுக்குள் விடாதே. 2009-க்குப் பிறகுதான் மக்கள் வாழும் தீவுகளில் விருந்தினர் இல்லங்களுக்கு அனுமதி வந்தது. கோவைத் தாளில் நாம் பார்த்த மனிதரற்ற கட்டம் அங்கே நிலத்தின்மேலேயே கட்டப்பட்டிருந்தது. அந்த வெற்றுத் தீவுகளில் தட்டு கழுவவும் படுக்கை விரிக்கவும் வங்காளதேசத்திலிருந்தும் இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். ஆளில்லாத அழகை உண்டாக்க ஆட்கள் வேண்டியிருக்கிறது.

இனி லட்சத்தீவு. மொத்தம் 36 தீவுகள், மக்கள் வாழ்வது பத்தில். பரப்பு 32 சதுர கிலோமீட்டர். 2011 கணக்கெடுப்பில் 64 ஆயிரம் சொச்சம் மக்கள், ஏறக்குறைய எல்லாரும் பட்டியல் பழங்குடியினர், முஸ்லிம்கள். சட்டமன்றம் கிடையாது. ஒரு நாடாளுமன்ற உறுப்பினர், தில்லி அனுப்பும் ஒரு நிர்வாகி. வெளியார் உள்ளே வர அனுமதிச்சீட்டு வேண்டும். 1967-ஆம் ஆண்டு விதி அது. சுற்றுலாத் தாளில் இந்த அனுமதி ‘சற்றுத் தொல்லை’ என்ற பத்தியில் வருகிறது. எனக்கோ அந்தச் சீட்டுதான் கட்டத்தில் இருக்கும் ஒரே மனிதக் குரலாகப் படுகிறது. இங்கே ஆட்கள் இருக்கிறார்கள், கேட்டுவிட்டு வா, என்று சொல்லும் குரலின் மிச்சம் அது.

2021-ல் வந்த வளர்ச்சி ஆணைய வரைவு எந்த நிலத்தையும் ‘வளர்ச்சி’க்கென எடுத்துக்கொள்ளும் அதிகாரத்தைக் கேட்டது. கரையிலிருந்த மீனவர் கொட்டகைகள் இடிக்கப்பட்டன. எதிர்த்துப் பேசிய பெண் திரைப்பட இயக்குநர்மீது தேசத்துரோக வழக்கு பாய்ந்தது. 2025-ல் பித்ரா தீவைப் பாதுகாப்புத் தேவைக்காகக் கையகப்படுத்தும் அறிவிப்பு வந்தபோது தீவின் மக்கள் தெருவில் இறங்கினார்கள். 2021-ல் தமிழ்நாட்டிலும் கண்டனக் கூட்டம் போட்டோம், கையெழுத்து இட்டோம். 2024-ல் ‘லட்சத்தீவுக்குப் போவோம்’ என்றபோது நம்மில் எத்தனை பேர் இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தோம்? தேசபக்திப் பயணியை விரிந்த கையோடு வரவேற்பதற்காகத்தான் அந்த நிலம் கேட்கப்பட்டது.

பவளத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1998, 2010, 2016 ஆண்டுகளின் கடல் வெப்பம் இந்தத் தீவுகளின் பவளத்தை வெளுக்க வைத்தது. 2024-ல் உலகளவில் நான்காவது பெருவெளுப்பு அறிவிக்கப்பட்டபோது லட்சத்தீவும் தப்பவில்லை. வெளுத்த பவளம் உடனே சாவதில்லை, தண்ணீர் குளிர்ந்தால் மீளும். அடுத்த வெப்பம் சீக்கிரம் வந்துவிட்டால் மீள நேரமிருக்காது. விளம்பரம் இதையும் விற்கத் தெரிந்துவைத்திருக்கிறது: ‘அழிவதற்குள் பாருங்கள்.’ சாவு வீட்டுக்கு நுழைவுச்சீட்டு விற்கிற மாதிரி. விமானப் புகையும் அந்த வெப்பத்தில் ஒரு பங்கு என்பதைத் தாளில் அடிக்குறிப்பாகக்கூடப் போடமாட்டார்கள்.

5

இலங்கையின் கிழக்குக் கரை நமக்கு வேறுவிதமான சோதனை. அங்கே மனிதர் இல்லை என்று தமிழ் வாசகனிடம் எவரும் சொல்லிவிட முடியாது. இருந்தும் சொல்கிறார்கள்.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, ஏப்ரல் மே தொடங்கி செப்டம்பர் வரை அந்தக் கடல் தெளியும். அந்தமானில் மழை பெய்யும் மாதங்களில் திருகோணமலையில் இறங்கலாம் என்பது கட்டத்தின் கெட்டிக்காரத்தனம். நிலாவெளிக்கு எதிரே புறாத்தீவு, 2003 முதல் தேசியப் பூங்கா. காலனிய ஆட்சிக் காலத்தில் அங்கே சுட்டுப் பழகினார்கள். மட்டக்களப்புக்கு வெளியே ஐம்பது மீட்டருக்கும் கீழே ‘ஹெர்மிஸ்’ என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் கிடக்கிறது. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்தன, 307 பேர் இறந்தார்கள். தேர்ந்த முக்குளிப்பாளர்கள் உலகெங்குமிருந்து அதைப் பார்க்க வருகிறார்கள். தாளில் அந்தத் தேதி, அந்த எண்ணிக்கை, எல்லாம் இருக்கிறது.

அதே மட்டக்களப்பில், கப்பல் கிடக்கும் கடலுக்கு நேர் மேற்கே, 1990 செப்டம்பர் 9 அன்று சத்துருக்கொண்டானில் 184 தமிழர்கள் ராணுவத்தால் கொல்லப்பட்டார்கள். அதற்கு ஒரு மாதம் முன்பு காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் புலிகளால் கொல்லப்பட்டார்கள். இவை எந்தத் தாளிலும் இல்லை. இரும்புக்கு இருக்கிற வரலாறு எலும்புக்கு இல்லை. முதலாவதைச் சொல்லி இரண்டாவதை விழுங்குகிற தமிழ்த் தேசியத் தாளும் நம்மிடம் உண்டு என்பதால் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

போர் முடிந்த 2009-க்குப் பிறகு பாசிக்குடாவில் வரிசையாக விடுதிகள் எழுந்தன. படகு ஏற்றும் கரை மீனவருக்குச் சுருங்கியது. வடக்கே காங்கேசன்துறையில், உயர்பாதுகாப்பு வலயம் என்று மக்களை வெளியேற்றிய மண்ணில், ராணுவமே ‘தல்செவன’ என்ற விடுமுறை விடுதியை நடத்தியது. துப்பாக்கி பிடித்த கை தேநீர் கொண்டுவந்து வைக்கும் காட்சியை எந்தப் பின்நவீன நாவலாசிரியனும் இதைவிடச் சிறப்பாக யோசிக்க முடியாது.

அப்படியானால் போகக் கூடாதா? இலங்கைச் சுற்றுலாவைப் புறக்கணிக்க வேண்டும் என்ற குரல் 2009-க்குப் பிறகு தமிழ்நாட்டில் பலமாக ஒலித்தது. அதன் நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனால் திருகோணமலையில் சொந்தப் படகில் ஆள் ஏற்றிப் பிழைக்கிற தமிழரும் முஸ்லிமும் அதனால் பட்டினி கிடந்தால் யாருக்கு லாபம்? யாருடைய நிலத்தில் நிற்கும் விடுதி, யாருடைய படகு, யார் கையில் காசு போய்ச் சேர்கிறது என்று கேட்டுப் போகிறவன், புறக்கணித்துவிட்டு மறந்துபோகிறவனைவிட மேல். கேட்காமல் போகிறவன் இருவரிலும் கீழ்.

6

நமது மாநிலத்திலேயே ஒரு பவளக் கடல் இருக்கிறதே, அது ஏன் கட்டத்தில் இல்லை? மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளை உள்ளடக்கி 1986-ல் கடல்சார் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. 1989-ல் உயிர்க்கோளக் காப்பகம். தண்ணீர் பெரும்பாலும் கலங்கல், அதனால் விலை போகாது. இது ஒரு காரணம். இன்னொரு காரணம், அங்கே அடியில் ஆள் இருக்கிறார்கள்.

பாம்பன், சின்னப்பாலம் பக்கத்துப் பெண்கள் கடல்பாசி எடுக்கிறார்கள். சேலைக்கு மேலே சட்டை, கண்ணுக்குக் கண்ணாடி, விரல்களில் துணிச் சுற்று, காலில் துடுப்புக்குப் பதிலாகத் தகடு. மூச்சுக் கருவி இல்லை. பாறையைப் பிடித்து, மூச்சடக்கி, பாசியை அறுத்து, மேலே வந்து, மறுபடி கீழே. நம் தாளின் கட்டத்தில் சொல்லப்படும் ‘அனுபவம்’ இவர்களுக்குத் தினக்கூலி. நாலு நாள் பயிற்சி முடித்த கோவை இளைஞருக்கு உலகம் முழுக்கச் செல்லும் சான்றிதழ் கிடைக்கிறது. எட்டு வயதிலிருந்து கடலுக்குள் இறங்கிவரும் பெண்ணைப் பூங்காக் காவலர் அத்துமீறி நுழைந்தவள் என்கிறார்.

இதே பெண்கள் சங்கமாகச் சேர்ந்து, மாதத்தில் பன்னிரண்டு நாள்தான் எடுப்பது, இரும்புச் சுரண்டியால் பாறையைச் சுரண்டாமல் கையால் பறிப்பது என்று தாங்களே விதி செய்துகொண்டார்கள். அவர்களில் ஒருவரான லட்சுமி மூர்த்திக்கு 2015-ல் சீகாலஜி விருது கிடைத்தது. பாதுகாப்பு என்பது மனிதரை விலக்குவது என்று அரசு நினைக்கிறது. அழகு என்பது மனிதரை விலக்குவது என்று சுற்றுலா நினைக்கிறது. இரண்டுக்கும் நடுவில் நின்று, ‘நாங்கள் இருந்தபடியே இது இருக்கும்’ என்று சொன்னவர்கள் இவர்கள். மறுப்பிலும் ஒரு வகை, பேசி நிலைநிறுத்திய மறுப்பு.

சங்குகுளிகாரர்களின் கதை இதற்கு அடுத்த கட்டுரைக்கானது. பவளப்பாறையைச் சுண்ணாம்புக்காக வெட்டி வெட்டி இரண்டு தீவுகள் நீருக்குள் போய்விட்டன என்பதையும் மறைக்க வேண்டாம். கரை மக்களெல்லாம் புனிதர் என்று நான் சொல்ல வரவில்லை. அவர்கள் இருக்கிறார்கள் என்றுதான் சொல்கிறேன். ஜோ டி குரூஸின் ‘கொற்கை’ 2013-ல் சாகித்ய அகாதெமி விருது பெற்றபோது நாம் பாராட்டுக் கூட்டம் நடத்தினோம். இலக்கியத்தில் பரதவரை வாசிப்போம், விடுமுறையில் பரதவர் இல்லாத கடலைத் தேடுவோம் என்றால் வாசிப்புக்கு என்ன அர்த்தம்?

7

“ஏனுங்க, நம்மூர்ல கடலே இல்லையே, ஒரு தடவ உள்ள போயிப் பாத்துட்டு வரோணும்னு ஆசப்படறது தப்புங்களா?” என்று கேட்டார் பல்லடத்துப் பக்கம் விசைத்தறி வைத்திருக்கும் நண்பர். தப்பில்லை. ஆனால் ‘நம்மூரில் கடல் இல்லை’ என்பதை அவ்வளவு எளிதாக ஒப்புக்கொள்ள எனக்கு மனமில்லை. மேற்கே பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால் பொன்னானிக் கடல் நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்தான். நொய்யல் கரைக் கொடுமணலில் தோண்டியபோது மணிக்கல்லோடு கூடவே சங்கு வளையல் துண்டுகளும் கிடைத்தன. கடலில் எவனோ மூச்சடக்கி எடுத்த சங்கு, இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பு கொங்குப் பெண் கையில் வளையலாக இருந்தது. நாம் கடலோடு உறவில்லாதவர்களாக என்றைக்கும் இருந்ததில்லை.

இன்றைக்கும் உறவு இருக்கிறது, வேறு மாதிரி. அதே நொய்யலில் திருப்பூர்ச் சாயம் ஓடியது. 1992-ல் திறந்த ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்குக் கட்டப்பட்டுச் சாயக் குட்டையானது. சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. கழிவுநீரைக் குழாய் வழியே கொண்டுபோய்க் கடலில் விட்டால் என்ன என்ற யோசனையும் அந்தக் காலத்தில் அரசு மட்டத்திலேயே பேசப்பட்டது. கடலில் ஆளில்லை என்று நம்புகிறவனுக்குத்தான் அந்த யோசனை வரும். அதாவது விடுமுறைத் தாளும் கழிவுநீர்த் திட்டமும் ஒரே கடலைக் கற்பனை செய்கின்றன: காலியான கடல். ஒன்றில் நாம் போய் இறங்குகிறோம், இன்னொன்றில் நம் சாயம்.

இன்னும் ஒன்று. யாருக்கு மூச்சுக் கருவி என்ற கேள்வி. கொங்கில் நீருக்குள் இறங்குவது எப்போதும் அனுமதி சார்ந்தது. எந்தக் கிணற்றில் எந்தச் சாதிப் பையன் குதித்து நீச்சல் பழகலாம் என்பது ஊருக்கே தெரிந்த சட்டம். கிணறு வெட்டியவன் அந்தக் கிணற்றில் கால் நனைக்க முடியாது. சாயப்பட்டறைத் தொட்டியிலும் கழிவுத் தொட்டியிலும் இறங்கி விஷவாயு தாக்கிச் செத்தவர்களின் செய்தி நம் மாவட்டப் பதிப்புகளில் ஓரத்துப் பத்தியாக வந்துகொண்டேயிருக்கிறது. கையால் கழிவகற்றுவதைத் தடை செய்யும் சட்டம் 2013-ல் வந்தும் நிற்கவில்லை. பன்னிரண்டு மீட்டர் கடலுக்குள் போகிற முதலாளி மகனுக்கு முதுகில் காற்று உருளை, பக்கத்தில் பயிற்சியாளர், மேலே படகு, கையில் காப்பீட்டுத் தாள். பன்னிரண்டு அடித் தொட்டிக்குள் இறங்குகிறவனுக்கு இடுப்பில் ஒரு கயிறுகூட இல்லை. மைத்துனன் பிடித்த கயிறுகூட இல்லாத ஆழம் அது. ஆழம் என்பது நிலவியல் அல்ல. ஒரு சமூக உறவு.

8

இவ்வளவு சொன்ன பிறகு, ‘சரி, எங்கதான் போறது?’ என்ற கேள்விக்குப் பதில் சொல்லாமல் நழுவுவது விமர்சகனின் பழைய தந்திரம். நழுவ நான் விரும்பவில்லை. கட்டத்தைக் கிழித்தெறியச் சொல்லவில்லை, மூன்று கோடுகள் கூடுதலாக இழுக்கச் சொல்கிறேன்.

முதலாவது: அங்கே வாழ்கிறவர்களால் மறுக்க முடியுமா? அனுமதிச்சீட்டு, பஞ்சாயத்து, சங்கம், சட்டமன்றம், தேர்தல், ஏதோ ஒன்று அவர்கள் கையில் இருக்கிறதா? அந்தக் கை பிடுங்கப்பட்டுக்கொண்டிருக்கும் ஆண்டில் அங்கே போவது பிடுங்குகிறவனுக்கு வாடிக்கையாளர் ஆவது. இரண்டாவது: நாம் இறங்கும் கடலில் வேறு யார் இறங்குகிறார்கள், அவர்களை விலக்கித்தான் நமக்கு இடம் கிடைத்ததா? மூன்றாவது: நம்மைக் கீழே அழைத்துப்போகிறவரின் கயிறு யார் கையில்? அதாவது அவருக்கு என்ன கூலி, விபத்து நேர்ந்தால் அவர் குடும்பத்துக்கு யார் பொறுப்பு?

இந்தக் கோடுகளை இழுத்தால் அந்தமான் பயணத்திலிருந்து முதலில் பாராடாங் சாலை அடிபடும். அதைக் கழித்துவிட்டு ஹேவ்லாக்கில் கரென் வழிகாட்டியோடு ஒருவர் இறங்குவார் என்றால், நான் குறுக்கே நிற்கமாட்டேன். லட்சத்தீவு, அங்குள்ளவர்களின் நிலக்கேள்வி தீரும்வரை, என் பட்டியலில் காத்திருக்கும். மாலத்தீவில் விடுதித் தீவைவிட, ஊர்க்காரர் நடத்தும் விருந்தினர் இல்லம் மேல். திருகோணமலைக்குப் போகிறவர் படகு யாருடையது என்று கேட்டுவிட்டு ஏறட்டும், மட்டக்களப்பில் கப்பலைப் பார்க்கிறவர் கரையில் சத்துருக்கொண்டானுக்கும் காத்தான்குடிக்கும் ஒரு நாள் ஒதுக்கட்டும். மன்னார் வளைகுடாவுக்கு முக்குளிக்கப் போக வேண்டியதில்லை. பாசி எடுக்கும் பெண்கள் தங்கள் உரிமைக்காகக் கூட்டம் போடும்போது போனால் போதும்.

இப்படி ஒருவர் தேர்ந்தெடுத்தால் விடுமுறை கெட்டுவிடுமா? களிப்பு கொஞ்சம் குறையலாம். ஆனால் நெய்தலுக்கு உரிப்பொருளைத் தீர்மானித்தவர்கள் விவரமில்லாதவர்கள் அல்ல. கடலைப் பார்க்கும்போது மனசுக்குள் யாரோ ஒருவரை நினைத்துக் கொஞ்சம் கலங்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.